காது கேளாதோரும் சைகை மொழியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காது கேளாத குழந்தையைப் பெற்றவர்கள், அவர்களுக்குப் பாடம் நடத்துபவர்கள், வேலை கொடுப்பவர்கள், அக்கம்பக்கத்தார் எனப் பலரும் சைகை மொழிபெயர்ப்பாளர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டுச் சூழலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வீட்டில் சிறு குழந்தை இருப்பவர்களுக்கு நேரம் குறைவாக இருக்கும் என்பதால் அவர்களுக்கானதை முதலில் வைத்திருக்கிறேன்.

எங்கள் குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலில் என்ன செய்ய வேண்டும்?

குழந்தையோடு இன்றைக்கே கையாலும் முகத்தாலும் பேசத் தொடங்குங்கள். ஆஸ்பத்திரி அலைச்சல், சான்றிதழ், கருவி எல்லாம் அதன் போக்கில் நடக்கட்டும். அவை முடியும்வரை மொழி காத்திருக்கக் கூடாது.

பிறந்து ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்குதல் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கால அளவு. முதல் சோதனையான ஓ.ஏ.இ. சில நிமிடங்களில் முடிந்துவிடும். தூங்கும் குழந்தையின் காதில் ஒரு சிறு முனையை வைத்துப் பார்ப்பார்கள், வலிக்காது. அதில் சந்தேகம் வந்தால் ‘பெரா’ எனப்படும் அடுத்த சோதனை. ஆனால் நம் வீடுகளில் நடப்பது வேறு. “இவன் அப்பனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்” என்று யாராவது ஒரு பெரியவர் சொல்லிவிடுவார். நாக்கில் தேன் தடவுவார்கள், கோயிலுக்கு நேர்ந்துகொள்வார்கள். வேண்டுதலில் எனக்குக் குறையில்லை. அந்தக் காத்திருப்பில் இரண்டு மூன்று ஆண்டுகள் கைநழுவிப் போவதைத்தான் தாங்க முடியவில்லை.

ஏனென்றால் குழந்தையின் மூளை மொழியைத் தானாக உள்வாங்கும் பருவம் பிறந்ததிலிருந்து ஏறத்தாழ ஐந்து வயது வரைதான் மிக வலுவாக இருக்கிறது. மொழி காது வழியாக வருகிறதா கண் வழியாக வருகிறதா என்று மூளை பார்ப்பதில்லை. சைகை பேசும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தை கைகளால் மழலை பேசும். மற்றக் குழந்தைகள் முதல் சொல்லைச் சொல்லும் வயதில் அதுவும் முதல் சைகையைச் செய்துவிடும். ஆனால் காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். அந்த வீடுகளில் சோறு, தூக்கம், வா, போ என்று பத்திருபது வீட்டுச் சைகைகள் உருவாகும். அவற்றை வைத்துக்கொண்டு, “பாட்டி நாளைக்கு வருவாள், தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால் அவர் வரமாட்டார்” என்று ஒரு குழந்தைக்குச் சொல்ல முடியாது. நாளை என்பதும் அதனால் என்பதும் கிடைக்காமலே ஐந்து வயதைத் தாண்டும் பிள்ளை எதிர்கொள்ளும் இழப்பு, கேட்காத காதைவிடப் பெரியது. அந்த இழப்பை நம்மால் முழுமையாகத் தடுக்க முடியும்.

இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் ஊரில் வேலை பார்த்து, குடும்பம் நடத்தும் காது கேளாத பெரியவர் ஒருவரைத் தேடிப் போய்ப் பாருங்கள். உங்கள் பிள்ளை எப்படி வளரக்கூடும் என்பதை டாக்டரைவிட அவர் நன்றாகக் காட்டுவார்.

இது யாரால் வந்தது? என் மாமியார் வீட்டில் என்னைக் குற்றம் சொல்கிறார்கள்.

பிறவியிலேயே கேட்காமல் இருப்பதற்குப் பெரும்பங்கு மரபணுக்களே காரணம். ‘கனெக்சின் 26’ என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் உள்ள மாற்றம் அவற்றில் மிகவும் அறியப்பட்டது. இந்த வகையில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் குழந்தைக்குக் கேட்காமல் போகும். மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் மணம் முடிக்கும்போது அதற்கான வாய்ப்பு கூடுகிறது. கர்ப்பகாலத்தில் ருபெல்லா, குறைமாதப் பிறப்பு, கடுமையான மஞ்சள்காமாலை, மூளைக்காய்ச்சல், சில ஊசி மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். இவற்றில் எதையும் ஒரு பெண் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. பழி சொல்பவர்களுக்குப் பதில் தேடுவதைவிட, அவர்களையும் நான்கு சைகை கற்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைக்கு அது உதவும்.

சைகை கற்றுக்கொடுத்தால் பேச்சு வராது என்கிறார்களே?

நான் அதிகமாகக் கேட்பதும் என்னை அதிகமாக வருத்துவதும் இந்தக் கேள்விதான். இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர்கள் மாநாடு, காது கேளாதோர் பள்ளிகளில் வாய்ப்பேச்சு மட்டுமே போதனை முறையாக இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. வாக்களித்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் காது கேட்பவர்கள். அதன்பின் பல நாடுகளில் காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். பிள்ளைகள் கையை அசைத்ததற்காக அடி வாங்கினார்கள். 2010-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மரபைச் சேர்ந்த மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையில் போன 130 ஆண்டுகளின் எச்சம்தான் இன்றும் சில பயிற்சி அறைகளில் “கையைக் கட்டிக்கொண்டு பேசு” என்று ஒலிக்கிறது.

சைகை பேச்சைத் தடுப்பதில்லை. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசி வளரும் பிள்ளைக்கு எதுவும் கெட்டுப்போவதில்லை என்று நமக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான். முதல் மொழி உறுதியாக அமைந்த பிள்ளைக்கு இரண்டாவது எளிதாக ஏறும். பேச்சுப் பயிற்சி நடக்கட்டும், கூடவே சைகையும் நடக்கட்டும். பயிற்சியில் பேச்சு நன்றாக வந்தால் பிள்ளைக்கு இரண்டு மொழி இருக்கும். வராவிட்டாலும் கையில் ஒரு முழு மொழி இருக்கும். சைகையை விலக்கி வைத்த பிள்ளைக்குப் பேச்சும் சரியாக வரவில்லையென்றால், பத்து வயதில் அதற்கு எந்த மொழியும் மிஞ்சுவதில்லை.

காக்ளியர் கருவி பொருத்தப் போகிறோம். அப்போதும் சைகை தேவையா?

தேவை. அறுவைச் சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் இந்தக் கருவியை நான் எதிர்க்கவில்லை. சிறு வயதிலேயே பொருத்தி, தொடர்ந்து பயிற்சி கொடுத்தால் பல பிள்ளைகள் நன்றாகக் கேட்டுப் பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் ‘அடிப்’ திட்டத்திலும் வழி உண்டு.

ஆனால் கருவி காதை மாற்றித் தந்துவிடுவதில்லை. வெளியே மாட்டும் பகுதியைக் குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்ற வேண்டும். பேட்டரி தீரும், கம்பி அறுந்துபோகும். அதை மாற்றப் பணம் இல்லாமல் கருவியை அலமாரியில் வைத்துவிட்ட குடும்பங்கள் இருக்கின்றன. கல்யாண வீட்டு இரைச்சலில் கருவி தடுமாறும். ஒரே அறுவைச் சிகிச்சை ஒரு பிள்ளைக்குத் தரும் பலன் இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்காது. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே யாரும் உறுதி சொல்வதில்லை. அந்த நிலையில் மொழி முழுவதையும் கருவியின் மேல் பணயம் வைப்பது சரியா என்று பெற்றோர் யோசிக்க வேண்டும்.

சைகை மொழி உண்மையில் ஒரு மொழியா? கையால் நடித்துக் காட்டுவதுதானே?

முழுமையான மொழி. 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி என்ற ஆய்வாளர் அமெரிக்கச் சைகை மொழியைப் பகுத்து, ஒவ்வொரு சைகையும் கையின் வடிவம், செய்யப்படும் இடம், அசைவு ஆகிய கூறுகளால் ஆனது என்று காட்டினார். ஒரு கூறு மாறினால் பொருளே மாறும்.

இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் இருக்கிறது. வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வரும். எதிர்மறை அதற்கும் பின்னால் வரும், கேள்விச்சொல் எல்லாவற்றுக்கும் கடைசி. “நேற்று ஏன் மதுரைக்குப் போகவில்லை?” என்பதை நேற்று, மதுரை, போ, இல்லை, ஏன் என்ற வரிசையில் கேட்பார்கள். ‘கொடு’ என்ற சைகையைக் கொடுப்பவர் இருக்கும் திசையிலிருந்து பெறுபவர் இருக்கும் திசைக்கு நகர்த்தினால் போதும், யார் யாருக்குக் கொடுத்தார் என்பது அதிலேயே அடங்கிவிடும். வேற்றுமை உருபு செய்யும் வேலையை இங்கே இடம் செய்கிறது. ‘வீடு உன்னுடையது’ என்பதையும் ‘வீடு உன்னுடையதா?’ என்பதையும் கைகள் ஒன்றாகவே செய்யலாம். உயரும் புருவம்தான் அதைக் கேள்வியாக்குகிறது. அதனால்தான் முகத்தை அசைக்காமல் கையை மட்டும் ஆட்டுபவரைக் காது கேளாதோர் சலிப்போடு பார்க்கிறார்கள்.

மொழிக்காக மனிதர்கள் எவ்வளவு ஏங்குகிறார்கள் என்பதற்கு நிகரகுவா நாட்டை எப்போதும் நினைத்துக்கொள்வேன். 1970-களின் கடைசியிலும் 80-களின் தொடக்கத்திலும் அங்கே முதல் முறையாக நூற்றுக்கணக்கான காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் ஒன்றுகூடினார்கள். ஆசிரியர்கள் சைகை கற்பிக்கவில்லை. விளையாட்டுத் திடலிலும் பஸ்ஸிலும் பிள்ளைகளே தங்கள் வீட்டுச் சைகைகளைக் கலந்து தொடங்கினார்கள். அடுத்தடுத்துச் சேர்ந்த சிறுபிள்ளைகள் அதற்கு இலக்கணத்தைக் கூட்டினார்கள். யாரும் கற்றுத்தராமல் ஒரு புதிய மொழி பிறந்தது.

உலகம் முழுவதும் ஒரே சைகை மொழிதானா? தமிழுக்குத் தனியாக உண்டா?

உலகில் 300-க்கும் மேற்பட்ட சைகை மொழிகள் இருப்பதாக உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு கணக்கிடுகிறது. ஆங்கிலம் பேசும் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்குமே சைகை மொழி வெவ்வேறு. இந்தியாவில் ஊருக்கு ஊர் சொற்கள் மாறும். சென்னையில் ஒரு கிழமைக்குச் செய்யும் சைகை டெல்லியில் வேறாக இருக்கலாம். இலக்கணம் பெரும்பாலும் ஒன்றே. ஆகவே தமிழ்நாட்டில் புழங்குவது இந்திய சைகை மொழியின் ஒரு வட்டார வழக்கு என்று சொல்லலாம். தமிழைக் கையால் எழுதிக் காட்டுவது அல்ல அது. பெயர், ஊர் போன்றவற்றுக்கு மட்டும், ஒவ்வோர் எழுத்தையும் விரலால் காட்டும் விரலெழுத்து உதவும்.

உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்களே?

கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல் ‘பாலை வாங்கி வா’ என்று சொல்லிப் பாருங்கள். பிறகு ‘மாலை வாங்கி வா’ என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசையும். பணமும் மணமும் அப்படியே, படமும் மடமும் அப்படியே. க, ங போன்றவை தொண்டைப் பக்கம் பிறப்பதால் உதட்டில் தெரியவே தெரியாது. ல, ள, ழ வேறுபாடு நாக்கின் மடிப்பில் இருக்கிறது. இவ்வளவு இடைவெளிகளையும் சூழலை வைத்து ஊகித்து நிரப்புகிறார்கள். சலிப்பூட்டும், களைப்பூட்டும் வேலை அது. பேசுபவருக்கு அடர்ந்த மீசை இருந்தாலும், அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாலும் அதுவும் போயிற்று. கொரோனா காலத்து முகக்கவசம் இவர்களை எவ்வளவு தனிமைப்படுத்தியது என்பதைப் பலர் கவனிக்கவேயில்லை.

சரி, எழுதிக் காட்டினால் போதாதா?

சிலருக்குப் போதும். பிற்காலத்தில் கேட்கும் திறனை இழந்தவர்கள் தாராளமாகப் படிப்பார்கள். ஆனால் பிறவியிலிருந்து கேட்காதவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. ஒலியே அறியாத ஒருவர் ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காக’ என்ற சொல்லைப் பிரித்துப் புரிந்துகொள்வது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் எழுதும் வாக்கியத்தில் பிழை இருப்பதை வைத்து அவருடைய அறிவை எடைபோடாதீர்கள். கடையில் விலை கேட்க எழுத்து உதவும். அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும் படிவத்தை நீட்டி ‘கையெழுத்துப் போடு’ என்று சைகை காட்டுவதைச் சம்மதம் என்று நான் ஏற்கமாட்டேன்.

பள்ளிக்கு எங்கே அனுப்புவது? தனிப்பள்ளியா, பொதுப்பள்ளியா?

பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் தொடங்கிய பள்ளி முதல் இன்று வரை காது கேளாதோர் பள்ளிகளுக்குத் தமிழ்நாட்டில் நீண்ட மரபு இருக்கிறது. வகுப்பறையில் வாய்ப்பேச்சு மட்டுமே நடந்த பள்ளிகளில்கூட விடுதிப் பிள்ளைகள் இரவில் தங்களுக்குள் சைகை பேசிக்கொண்டார்கள். மூத்த பிள்ளையிடமிருந்து இளைய பிள்ளைக்கு என்று மொழி அப்படித்தான் கைமாறி வந்தது. அந்த விடுதிகளுக்கு இந்தச் சமூகம் பட்டிருக்கும் கடன் பெரிது.

பொதுப்பள்ளி வீட்டருகே இருக்கும், பிள்ளை குடும்பத்தோடு வளரும். ஆனால் அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியருக்குச் சைகை தெரியாமல், மொழிபெயர்ப்பாளரும் இல்லாமல் முதல் பெஞ்சில் உட்கார வைப்பதற்குப் பெயர் உள்ளடக்கிய கல்வி அல்ல. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல், “இங்கே சைகையில் சரளமாகப் பேசும் பெரியவர்கள் எத்தனை பேர்? என் பிள்ளை பேசிச் சிரிக்க இன்னொரு காது கேளாத பிள்ளை இருக்கிறதா?” என்று கேளுங்கள். என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களைச் சைகை மொழிக்கு மாற்ற 2020-இல் ஒப்பந்தம் ஆனது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 2021 முதல் இந்திய சைகை மொழியையே ஒரு பாடமாக எடுக்கலாம். 2024 டிசம்பரில் மத்திய அரசின் கல்வித் திட்டமான பி.எம். இ-வித்யாவின் 31-ஆவது தொலைக்காட்சி அலைவரிசை சைகை மொழிக்கென்றே தொடங்கப்பட்டது. கல்லூரியில் சேர விரும்புவோருக்குச் சென்னை மாநிலக் கல்லூரியில் தனி வகுப்புகள் இருக்கின்றன.

மருத்துவமனை, காவல் நிலையம், நீதிமன்றம் போன்ற இடங்களில் மொழிபெயர்ப்பாளர் கேட்க உரிமை உண்டா?

உண்டு. இந்தியா 2007-இல் ஏற்ற ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை சைகை மொழிகளை மொழிகளாகவே வரையறுக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நீதியை அணுகுவதிலும் சிகிச்சையிலும் தகவல் பெறுவதிலும் தடையில்லாத நிலையை அரசின் கடமையாக்குகிறது. வாயால் பேச இயலாத சாட்சி எழுத்திலோ சைகையிலோ சாட்சியம் தரலாம். அப்போது நீதிமன்றம் மொழிபெயர்ப்பாளரின் உதவியைப் பெற்று அதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 125-ஆவது பிரிவு சொல்கிறது. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வழியாக வாதாடினார். அதற்கடுத்த மாதம் உச்ச நீதிமன்றமே ஒரு மொழிபெயர்ப்பாளரை நியமித்தது.

நடைமுறையில் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், அருகிலுள்ள காது கேளாதோர் பள்ளி, சங்கம் ஆகியவற்றை முன்கூட்டியே அணுகுங்கள். வீடியோ அழைப்பில் உதவும் மொழிபெயர்ப்பாளர்களும் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். ‘உங்கள் அம்மாவுக்குப் புற்றுநோய்’ என்பதை ஒன்பது வயது மகள் தன் கையால் தாய்க்குச் சொல்லும் நிலையை எந்த மருத்துவரும் உண்டாக்கக் கூடாது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வந்த பெண்ணுக்கு அவருடைய கணவரே மொழிபெயர்க்கக் கூடாது. புகார் அந்தக் கணவரைப் பற்றியதாகவே இருக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் வந்தபின், காது கேளாதவரைப் பார்த்துப் பேசுங்கள். “அவரிடம் சொல்லுங்கள்” என்று மொழிபெயர்ப்பாளரிடம் பேச வேண்டாம். நீண்ட கூட்டம் என்றால் இருவரை அழையுங்கள். அரை மணி நேரத்துக்குமேல் ஒருவரே செய்தால் துல்லியம் குறையும்.

காது கேளாதவர் வண்டி ஓட்டலாமா?

ஓட்டலாம். சோதனையில் தேறினால் உரிமம் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2011-இல் தெளிவாக்கியது. மத்தியப் போக்குவரத்து அமைச்சகமும் 2016-இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. வண்டி ஓட்டக் கண்தான் பிரதானம்.

அடையாள அட்டையும் இட ஒதுக்கீடும் எப்படி?

சட்டப்படி இரு காதிலும் 70 டெசிபல் கேட்கும் திறன் இழப்பு உள்ளவர் காது கேளாதவர். 60 முதல் 70 வரை இழப்பு உள்ளவர் கேட்டல் குறைந்தவர். மருத்துவச் சான்றில் 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் சலுகைகளுக்குத் தகுதி வரும். யு.டி.ஐ.டி. அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காட்டில் 1 விழுக்காடு இவர்களுக்கு. அரசு உயர்கல்வியில் 5 விழுக்காடு மாற்றுத்திறனாளிகள் அனைவருக்கும் பொது.

வேலை கொடுப்பவர்களுக்கு: காலைக் கூட்டத்தில் சொன்னதை எழுத்தில் அனுப்புங்கள். தீ எச்சரிக்கைக்கு மணியோடு விளக்கும் வையுங்கள். பதவி உயர்வுப் பயிற்சிகளுக்கு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள். திறமையான ஒருவர் இருபது ஆண்டுகள் ஒரே மேசையில் தேங்குவதற்குப் பல இடங்களில் இந்த மூன்றாவது விஷயம்தான் காரணம்.

அவர்கள் ஏன் தங்களுக்குள்ளேயே பழகுகிறார்கள், தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்கிறார்கள்?

வீட்டு விருந்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். “என்ன?” என்று கேட்டால் “அப்புறம் சொல்கிறேன்” என்கிறார்கள். அந்த அப்புறம் வருவதேயில்லை. இதை வாழ்நாளெல்லாம் பார்த்த ஒருவர், மாலையில் சங்கத்துக்குப் போய் நண்பர்களோடு நள்ளிரவு வரை பேசுவதில் என்ன வியப்பு? அங்கே கைதட்டலுக்குப் பதில் இரு கைகளையும் உயர்த்தி அசைப்பார்கள். ஒவ்வொருவருக்கும் அவருடைய தோற்றத்தையோ பழக்கத்தையோ வைத்து நண்பர்கள் சூட்டிய சைகைப் பெயர் இருக்கும். விடைபெறுவதற்கே ஒரு மணி நேரம் ஆகும். திருமணமும் மொழி ஒன்றிய இடத்தில் நடக்கிறது. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் காது நன்றாகவே கேட்கும். நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் பலர் அந்தப் பிள்ளைகள்தாம்.

இந்த உலகத்துக்குத் தனி ஒலிம்பிக்ஸே இருக்கிறது. 1924-இல் பாரிஸில் தொடங்கியது. ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி ஒலிக்குப் பதில் விளக்கு ஒளிரும். 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த போட்டியில் மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா பேட்மின்டனில் மூன்று தங்கம் வென்றார். பிறகு அர்ஜுனா விருதும் பெற்றார்.

நேரில் சந்தித்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

கூப்பிடத் தோளை மெல்லத் தட்டுங்கள், அல்லது பார்வை படும்படி கையை அசையுங்கள். அறை விளக்கை ஒருமுறை அணைத்துப் போடலாம். கத்தாதீர்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நில்லுங்கள். இருவர் சைகையில் பேசிக்கொண்டிருந்தால் நடுவே நடந்து போவதில் தவறில்லை, நின்று தயங்குவதுதான் இடைஞ்சல். ‘ஊமை’ என்று சொல்லாதீர்கள். ‘காது கேளாதவர்’ என்பதை அவர்களில் பலர் இயல்பாக ஏற்கிறார்கள்.

நான் எங்கே கற்கலாம்?

2015-இல் டெல்லியில் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட காணொளி அகராதியை வெளியிட்டிருக்கிறது. ‘சைன் லேர்ன்’ என்ற அதன் செயலி இலவசம். மொழிபெயர்ப்பாளராக விரும்புவோருக்கு இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு உண்டு. காது கேளாதவர்களே சைகை ஆசிரியராகப் பயிலத் தனிப் பட்டயமும் இருக்கிறது.

செயலி சொல்லைத் தரும், உரையாடலைத் தராது. ஆகவே காது கேளாத ஆசிரியர் ஒருவரைத் தேடி, உரிய கட்டணம் கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். சென்னை, மதுரை, கோவை போன்ற ஊர்களில் சங்கங்கள் வழியாக விசாரித்தால் கிடைப்பார்கள். பெற்றோராக இருந்தால் தாய் மட்டும் கற்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அப்பா, அண்ணன், அத்தை, எதிர்வீட்டுப் பிள்ளைகள் என எல்லோரையும் முதல் வகுப்புக்கே கூட்டிப் போங்கள்.